டீசல் டேங்குக்குள் ஒரு பிடி

இது கட்டுக்கதை இல்லை. நம்பாதவர்கள் என் அக்கா புருஷனின் வலது கையை வந்து பார்க்கலாம். மச்சான் பட்டறையே கதி என்று கிடப்பவர். யாராவது பேய் என்றால், "அதுக்கும் ஆயில் மாத்தணுமா?" என்று கேட்பார். இப்போது கேட்பதில்லை.

பழைய லாரி ஒன்றின் டீசல் டேங்க் வேலைக்கு வந்தது. உள்ளே ஒரே துரு. லாரிக்காரர் அதை இறக்கி வைத்த கையோடு, வாங்கிக் கொடுத்த டீயைக்கூடத் தொடாமல் போய்விட்டார். துருவை எடுக்க மச்சானுக்கு ஒரு வழி உண்டு. சோப்புத் தண்ணீர் ஊற்றி, உள்ளே ஒரு முழம் சங்கிலியைப் போட்டு, டயர் மேல் வைத்து உருட்டுவார். சங்கிலி உரசி உரசித் துரு பெயர்ந்துவிடும்.

அன்று மதியம் நல்ல மழை. சாரல் அடித்ததால் ஷட்டரை இறக்கிவிட்டு உருட்டினார். பிறகு அழுக்குத் தண்ணீரைக் கொட்டினார். ஊற்றியது பச்சைத் தண்ணீர். கொட்டியபோது வெதுவெதுப்பாக இருந்தது.

உருட்டிய சூடுதான் என்று மனதைத் தேற்றிக்கொண்டு டேங்கைத் தரையில் வைத்தார்.

கலகல... உள்ளே சங்கிலி நகர்ந்தது.

மணி மூன்று நாற்பது.

சங்கிலியைக் கொக்கிக் கம்பியால்தான் எடுக்க வேண்டும். கையை விடவே கூடாது. கம்பி வெளியே மழையில் கிடந்தது. யார் நனைவது? சட்டைக் கையைச் சுருட்டி, டேங்கின் அகன்ற வாய்க்குள் முழங்கை வரை விட்டார்.

சங்கிலி அகப்பட்டது. இழுத்தார். வரவில்லை.

உள்ளேயிருந்து யாரோ இழுத்தார்கள்.

பதறிச் சங்கிலியை விட்டார். ஆனால் கை வரவில்லை. முன்கையைச் சுற்றி ஒன்று... இரண்டு... ஐந்து விரல்கள்.

கத்தினார். தகரக் கூரையில் மழை கொட்டியது. யாருக்குக் கேட்கும்? டேங்கோடு ஷட்டரை நோக்கித் தவழ்ந்தார். ஓரடி நகர்ந்தால், டேங்க் அவரை ஓரடி பின்னால் இழுத்தது. இந்தக் கை போனால் குடும்பமே நடுத்தெருவில் நிற்குமே என்று அழுதேவிட்டார்.

கிர்ர்ர்...

ஷட்டர் ஏறியது. குடையோடு அக்கா.

"என்னங்க, கை மாட்டிக்கிச்சா?"

"மாட்டல... புடிச்சிருக்கு."

"எது?"

அந்த நொடியில் பிடி தளர்ந்தது. கை வெளியே வந்தது. முன்கையில் சிவப்பாக ஐந்து விரல் தடங்கள்.

மறுநாள் லாரிக்காரரை வரவழைத்து, கையைக் காட்டிச் சத்தம் போட்டார் மச்சான். அந்த ஆள் அதிரவில்லை. மெதுவாகத் தன் முழுக்கைச் சட்டையைச் சுருட்டினார். கையில் ஒன்றுமே இல்லை.

"எனக்கும் இதே இடத்துலதான் இருந்துச்சு. பதினோரு வருஷம். மழை வந்தா இறுக்கும். இன்னொரு கை கெடைச்சா என்னை விட்டுடும்னு நெனச்சேன்... நேத்துதான் விட்டுச்சு. மன்னிச்சிருங்க."

டேங்கை எடுக்காமலே போய்விட்டார். பாவி, அவரை நினைத்தால் எனக்கு இன்றும் வயிறு எரிகிறது.

எட்டு மாதம் ஆகிறது. தடங்கள் மறையவில்லை. மழை பெய்தால் மச்சானால் ஸ்பேனர் பிடிக்க முடிவதில்லை.

போன வாரம் பட்டறைக்குப் போயிருந்தேன். மச்சான் என் முகத்தைப் பார்க்காமல் மூலையைக் காட்டினார்.

"அந்த டேங்குக்குள்ள ஏதோ கெடக்கு மாப்ள. கொஞ்சம் கையை விட்டுப் பாரேன்."

அதன் பிறகு நான் அந்தப் பக்கமே போகவில்லை.