ரோமெட்டின் டியூபாப் பெட்டி

ரோமெட்டைப் புதைத்து ஏழு வருடம் ஆகிறது. அவன் மனைவி புர்கலைப் போன நவம்பரில் அவனுக்குப் பக்கத்திலேயே புதைத்தார்கள். பேண்டு வாசித்தது, ஊரே நின்றது. நான் மட்டும் கல்லறைத் தோட்டத்துச் சுவருக்கு வெளியே நின்றேன். உள்ளே வந்தால் யாராவது கழுத்தைப் பிடித்துத் தள்ளுவார்கள் என்று பயம். இனிமேல் நான் வாயைத் திறந்தால் அந்த இருவருக்கும் வலிக்காது. அதனால் சொல்கிறேன்.

ரோமெட், புர்கல், நான் மூவரும் ஒரே வகுப்பு. ரோமெட் ஆள் பீரோ மாதிரி இருப்பான். பதினான்கு வயதில் எங்கள் ஊர் பேண்டில் சேர வந்தபோது அப்போதைய பேண்டு மாஸ்டர் அவன் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. தோளைப் பார்த்தார், டியூபா என்ற அந்தப் பெரிய பித்தளை ஊதுவாத்தியத்தைத் தூக்கி அதன்மேல் வைத்தார். அன்றிலிருந்து நற்கருணைப் பவனியா, தீயணைப்புக்காரர்கள் விழாவா, யாருடைய அடக்கப் பூசையா, எல்லாவற்றுக்கும் பின்வரிசையில் அவன்தான். ஜனவரியில் குழி வெட்டவே கடப்பாரை தேவைப்படும் குளிரில், வால்வு உறையாமல் இருக்க அதில் கொஞ்சம் சாராயம் ஊற்றுவான். மிச்சம், தான் உறையாமல் இருக்க.

நவம்பர் முதல் ஏப்ரல் வரை பனி தள்ளும் வண்டி ஓட்டினான். மற்ற மாதங்களில் அதே சாலையில் குழி அடைத்தான். பொழுது மிஞ்சினால் புறா. பதினெட்டுப் புறாக்கள் வைத்திருந்தான், ஒவ்வொன்றுக்கும் பெயர் வேறு. பிள்ளைகள் இல்லை. புர்கலோடு நாளைக்கு நான்கு தரம் சண்டை போடுவான், ஐந்து தரம் சமாதானம் ஆவான்.

நான் மர அறுப்பு ஆலையில் எழுத்தர். பேண்டில் மூன்றாம் கொம்பு, சுமாராக ஊதுவேன். என் அசல் வேலை வாத்தியங்களுக்குப் பொறுப்பாளன் என்பது. ஊர் எனக்கு வைத்த பெயர் சட்டாம்பிள்ளை. நான் அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன், மடையன்.

எங்களுக்கு நாற்பத்தாறு வயது நடக்கும்போது ஊர் பணம் சேர்த்துப் புது டியூபா வாங்கியது. பழையதைப் பெட்டி, உறை எதுவும் இல்லாமல் ரோமெட் பனி வண்டியில் போட்டு இழுத்து, நசுங்கிய அலுமினியச் சட்டி ஆக்கியிருந்தான். புதிதுக்குப் பெட்டி இல்லாமல் கையில் தர மாட்டேன் என்று நான் பிடிவாதம் பிடித்தேன். இருவரும் இன்ஸ்ப்ரூக் நகரத்துக்குப் போனோம்.

கடைக்காரர் இரண்டை எடுத்து வைத்தார். ஒன்று முதுகில் மாட்டும் கெட்டித் துணிப்பை. மற்றது பெரிய கறுப்புப் பெட்டி. உள்ளே தடித்த சிவப்பு வெல்வெட், மூடியைச் சுற்றி ரப்பர் விளிம்பு, ஐந்து எஃகுத் தாழ்.

"டேய் காசியன், எனக்குப் பை போதும்டா. முதுகுல மாட்டிட்டு ரெண்டு கையையும் வீசிட்டுப் போவேன். எங்க வீட்டு ஏத்தம் உனக்குத் தெரியாதா?"

"பை நசுக்கலைத் தாங்காது."

"நான் தாங்குவேன்ல? அந்தப் பெட்டி மட்டுமே பன்னெண்டு கிலோ. டியூபா பத்து. அப்புறம் என்னைத் தூக்கிட்டுப் போக இன்னொருத்தன் வேணும்."

"சக்கரம் இருக்கு பாரு."

"பனியில சக்கரமா! ஆபீஸ்ல உக்காந்து எழுதுறவனுக்குத்தான்டா இப்படி யோசனை வரும்."

கடைக்காரர் இடையில் புகுந்தார். "மூடிட்டீங்கன்னா காத்துகூட உள்ள போகாதுங்க. மழை, தூசி, எதுவும் அண்டாது."

அந்தப் பேச்சில் நான் விழுந்தேன். பெட்டியையே வாங்கினேன். ரோமெட் ஊர் வந்து சேரும்வரை என்னைத் திட்டிக்கொண்டே வந்தான், ஆனால் வாங்கிக்கொண்டான். பெட்டிக்கு விதிகளும் போட்டேன். ஊதி முடித்த ஐந்து நிமிடத்தில் துடைத்து உள்ளே வைத்துத் தாழ் போட வேண்டும். குளிர்ந்த கூடத்தில் வைக்கக் கூடாது, உலோகத்துக்கு ஆகாது. ஆள் படுக்கும் சூடான அறையில்தான் வைக்க வேண்டும். சொல்லாமல் கொள்ளாமல் வீட்டுக்குப் போய்ச் சோதிப்பேன். கைரேகை இருந்தால் அபராதம், எல்லாருக்கும் ஒரு சுற்று பீர்.

துடைப்பது என்றால் வெளியே. உள்ளே யாரும் கைவைக்க மாட்டோம். பல வருட மூச்சு உள்ளே படிந்தால்தான் நாதம் கனியும் என்பது எங்கள் பேண்டின் நம்பிக்கை. ஒருவன் தன் கொம்பைக் குளியல் தொட்டியில் போட்டுக் கழுவினான் என்று கேள்விப்பட்டு, ஒரு மாதம் அவனைக் கேலி செய்தே கொன்றோம். அந்தக் கேலியில் முதல் குரல் என்னுடையது.

மூன்று வருடம் கழித்து ரோமெட்டுக்கு இருமல் வந்தது. சாயங்காலம் ஆனால் காய்ச்சல், நடுக்கம். காலையில் எழுந்தால் ஒன்றும் இல்லை. முதலில் டீசல் புகை என்றார்கள். பிறகு பள்ளத்தாக்கு டாக்டர் புறாவைக் கண்டுபிடித்தார். புறா எச்சத்தின் தூசி நுரையீரலைக் கெடுக்கும் என்பது உண்மைதான், அவர்மேல் குற்றமில்லை. ரோமெட் பதினெட்டையும் ஒரே காலையில் தானே கழுத்தைத் திருகிக் கொன்றான். திருகிவிட்டு என் வீட்டுக்கு வந்து சமையலறையில் உட்கார்ந்தான்.

காய்ச்சல் போகவில்லை. புர்கல் இறகு மெத்தையைக் கொளுத்தினாள். இறகுத் தலையணைகள் போயின. பூனை போயிற்று. விறகடுப்பை இடித்துவிட்டு மின்சார அடுப்பு வைத்தாள். சுவருக்கு இரண்டு தரம் சுண்ணாம்பு அடித்தாள். அந்த வீட்டில் சந்தேகப்படாத பொருள் ஒன்றே ஒன்றுதான், அது கட்டிலின் கால்மாட்டில் நின்றது. மூச்சுப் பயிற்சி செய்யுங்கள் என்று டாக்டர் வேறு சொல்லிவிட்டார்.

"முப்பத்தஞ்சு வருஷமா பின்ன என்ன செய்யறேனாம்?" என்று சிரித்தான் ரோமெட். தினமும் அரை மணி நேரம் கட்டிலில் உட்கார்ந்து டியூபா ஊதினான். ஊதி முடித்தால் தாழை அழுத்தக்கூட அவனுக்குத் தெம்பு இருக்காது. புர்கல்தான் மூடுவாள்.

தவக்காலத்தில் பேண்டு வாசிக்காது, அவனும் நேர்ந்துகொண்டு நாற்பது நாள் ஊதாமல் இருந்தான். உடம்பு தேறியது. புர்கல் மாதாவுக்கு மெழுகுவத்தி ஏற்றினாள். ஈஸ்டர் அன்று ஊதினான், சாயங்காலம் காய்ச்சல். ஆஸ்பத்திரியில் மூன்று வாரம் இருந்தான், தேறினான். திரும்பி வந்து ஒரு வாரத்தில் படுத்தான். இதை ஒரு பள்ளிப்பிள்ளை கூட்டிப் பார்த்திருக்கும். நாங்கள் யாரும் கூட்டிப் பார்க்கவில்லை.

கடைசியில் இன்ஸ்ப்ரூக் ஆஸ்பத்திரியில் மாரிங்கர் என்ற இளவயது டாக்டர் அம்மா அவனிடம் வந்தார். அன்று புர்கலுக்கு வரமுடியவில்லை, நான்தான் கூட இருந்தேன்.

"தினம் என்னென்ன செய்வீங்க, ஒண்ணு விடாம சொல்லுங்க," என்றார்.

எல்லாம் சொல்லிவிட்டு, கடைசியாகப் பெருமையோடு டியூபாவைச் சொன்னான்.

"அதை யார் கழுவுறது?"

ரோமெட் சிரித்தான். "கழுவுறதா? டியூபாவையா?"

அவர் சிரிக்கவில்லை. "நாளைக்கு எடுத்துட்டு வாங்க. வழியில திறக்காதீங்க."

நான் கொண்டு போனேன். முகமூடி மாட்டிக்கொண்டு, என்னைச் சன்னலோரம் நிற்கச் சொல்லிவிட்டு, அவரே ஐந்து தாழையும் எடுத்தார். இடுக்கியால் சிவப்பு வெல்வெட்டின் ஓரத்தைக் கிளப்பினார். அடியில் சாம்பலும் பச்சையுமாகப் பூஞ்சணம், கம்பளி போலத் தடித்துக் கிடந்தது. டியூபாவின் குழாய்க்குள் விட்ட நீளத் தூரிகை கறுப்புக் கூழோடு வெளியே வந்தது. ஈரத்தோடு வைத்துக் காற்றுப் புகாமல் மூடி, சூடான அறையில் ஐந்து வருடத்துக்கு மேல் வளர்த்திருக்கிறோம். அவன் ஒவ்வொரு தரமும் ஊதுவதற்கு முன் ஆழமாக இழுத்தது அதைத்தான்.

பத்து நாள் கழித்துச் சோதனை முடிவு வந்தது, அந்தப் பூஞ்சணம்தான். அன்று புர்கலும் வந்திருந்தாள். அவள் கீழே காபி வாங்கப் போன நேரத்தில் டாக்டர் அறைக்குள் வந்தார்.

"தழும்பு விழுந்த இடம் திரும்ப நுரையீரல் ஆகாதுங்க. இனி டியூபாவைத் தொடாதீங்க. ரெண்டு வருஷம் முன்னாடி வந்திருந்தா..."

அவர் போனதும் நான் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். "பெட்டியை நான்தான்டா வாங்கினேன். நீ பை கேட்டே."

"தெரியும். உன்னை அப்புறம் திட்டறேன்." இரண்டு வார்த்தைக்கு ஒருமுறை நின்று மூச்சு வாங்கினான். "இப்போ இதைக் கேளு. புர்கலுக்குத் தெரியக் கூடாது."

"ஏன்டா?"

"தினமும் மூடினது அவ. முட்டி வச்சு அழுத்தி அழுத்தி மூடுவா. இது தெரிஞ்சா, நான் போனப்புறம் அவ தூங்குவாளா? சாகுற வரைக்கும் அந்தத் தாழ் சத்தம்தான் கேக்கும் அவளுக்கு. சத்தியம் பண்ணு."

சத்தியம் செய்தேன். புர்கல் காபியோடு வந்தாள். "புறாதான் புர்கல்," என்றான் ரோமெட். "சின்ன வயசுலேர்ந்து அதுங்களோடயே கிடந்தேன்ல. ரொம்ப லேட்டா திருகினேன்." டாக்டரிடமும் தனியாகக் கேட்டுக்கொண்டான், அவரும் வாயைத் திறக்கவில்லை. டியூபா பழுது பார்க்கப் போயிருக்கிறது என்று நான் அவளிடம் சொல்லிவைத்தேன். அதைச் சுத்தம் செய்ய அனுப்பினேன். பெட்டியை பிளாஸ்டிக்கில் சுற்றி, பேண்டு அறையின் பின்மூலையில் வைத்தேன். அன்றே எரித்திருக்க வேண்டும். எரித்தால் ஏன் என்று கேள்வி வரும் என்று தள்ளிப்போட்டேன்.

மற்றவர்களின் வாத்தியங்களை எல்லாம் வெந்நீர் தொட்டியில் போட்டு, உள்ளே தூரிகை விட்டுக் கழுவவைத்தேன். பெட்டிகளைத் திறந்தே வைக்கச் சொன்னேன். சட்டாம்பிள்ளைக்குப் புதுப் பைத்தியம் பிடித்திருக்கிறது என்று சிரித்தார்கள், ஆனாலும் செய்தார்கள்.

ரோமெட் எட்டு மாதம் இருந்தான். கடைசியில் ஆக்சிஜன் குழாயோடு சன்னலோரம் உட்கார்ந்து சாலையைப் பார்ப்பான். வேறு ஒருவன் பனி தள்ளுவதில் குறை கண்டுபிடிப்பான். என்னைத் திட்டவே இல்லை. ஒவ்வொரு ஞாயிறும் அதற்காகவே போய் உட்கார்ந்தேன். பிப்ரவரியில் ஒரு மத்தியானம், சூப் ஆறுவதற்குள் போய்விட்டான். அடக்கத்தில் பின்வரிசையை நாங்கள் காலியாக விட்டோம்.

அடக்கம் முடிந்த வியாழக்கிழமை, ஒத்திகைக்கு எல்லாரும் கூடியிருந்தபோது புர்கல் வந்தாள். கறுப்புக் கோட்டு, தலையில் பனி. நேராக என்னிடம் வந்தாள்.

"காசியன், டியூபா உங்க பேண்டோடது. அது எனக்கு வேண்டாம். பெட்டியை மட்டும் குடு."

"எதுக்கு?"

"எதுக்கா? தினமும் அவன் ஊதி முடிச்சா நான்தான் மூடுவேன். அஞ்சாவது தாழ் விழுந்தாத்தான் அவன் கண்ண மூடுவான். அது கட்டில் பக்கத்துல இருக்கட்டும். வேற என்ன இருக்கு அந்த வீட்டுல? எல்லாத்தையும் நானே தூக்கி எறிஞ்சேன்."

திறந்து பார்த்தால், எல்லாம் புரிய அவளுக்கு அரை நிமிடம் போதும். எல்லாவற்றையும் துடைத்து, எரித்து, சுண்ணாம்பு அடித்த பெண் அவள்.

"முடியாது," என்றேன். "பெட்டியும் பேண்டோட சொத்து."

பேண்டுத் தலைவர் செராஃபின் எழுந்து வந்தார். "யோவ், குடுத்துடுய்யா. பழைய பெட்டிதானே."

"விதின்னா எல்லாருக்கும் விதிதான்."

புர்கல் என் முகத்தையே பார்த்தாள். நான் விளையாடுகிறேன் என்று நினைத்தாளோ என்னவோ. பிறகு பின்மூலையை நோக்கி நடந்தாள். நான் குறுக்கே நின்றேன். இரண்டு கையாலும் என் மார்பில் குத்தினாள். நான் நகரவில்லை.

"நாப்பது வருஷம் உங்க வீட்டுச் சாவுக்கெல்லாம் ஊதினவன்டா அவன்! அவன் பொண்டாட்டிக்கு ஒரு காலிப் பெட்டி தர மனசு வரலயா உனக்கு? நீயெல்லாம் அவனோட ஒரே பெஞ்சுல உக்காந்து படிச்சவனா?"

செராஃபின் அவளைத் தோளில் அணைத்து வெளியே கூட்டிப்போனார். அன்று ஒத்திகை நடக்கவில்லை. ஒவ்வொருவராக என்னைக் கடந்து வெளியே போனார்கள்.

மறுநாள் காலையில் பெட்டியை ஆலைக்கு எடுத்துப்போய் உலையில் போட்டேன். உலைக்காரன் பார்த்துவிட்டான். மத்தியானத்துக்குள் ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது: விதவை கேட்ட பெட்டியைத் தரமாட்டேன் என்றவன், விடிந்ததும் அதைக் கொளுத்திவிட்டான். செராஃபின் வீட்டுக்கே வந்து ஏன் என்று கேட்டார். கெட்டுப்போன சாமான் என்றேன். அந்த வருடக் கூட்டத்தில் என்னைப் பொறுப்பிலிருந்து எடுத்தார்கள். எதிர்த்து ஒரு கைகூட உயரவில்லை. கொம்பை நானே ஒப்படைத்தேன். என்னைப் பார்த்தால் புர்கல் சாலையின் மறுபக்கம் போய்விடுவாள். ரொட்டிக் கடையில் நான் நின்றால், வாங்காமலே திரும்புவாள்.

கோபம் வந்தது, மறைக்க மாட்டேன். சில நாள் அவள் வாசல்வரை போயிருக்கிறேன், எல்லாவற்றையும் கொட்டிவிட. அவள் வீட்டுச் சன்னல் ஒன்பது மணிக்கு இருளும், விடியும்வரை இருட்டாகவே இருக்கும். தூங்குகிறாள் என்று தெரிந்ததும் திரும்பிவிடுவேன்.

கடைசி வருடம் நோய் முற்றி அவள் பராமரிப்பு இல்லத்தில் இருந்தாள். சாகக் கிடக்கிறாள் என்று கேள்விப்பட்டுப் போனேன். செவிலி என் பெயரைச் சொல்ல உள்ளே போனாள். கதவு சாத்தவில்லை.

"ரோமெட்டோட பெட்டியை எரிச்ச நாயா? வேண்டாம்மா, போகச் சொல்லு." குரல் மெலிந்திருந்தது, தெளிவாகத்தான் இருந்தது. "என் வீட்டுக்காரருக்கு எமன் புறாதான். பாவம், அதுங்களை அவ்வளவு ஆசையா வளர்த்தாரு. நான் என்னால முடிஞ்சதெல்லாம் செஞ்சேன்மா. ஒரு குறை வைக்கல."

"நல்லாத்தான் பாத்திருப்பீங்க," என்றாள் செவிலி.

"ஆமா," என்றாள் புர்கல். "நல்லாத்தான் பாத்துக்கிட்டேன்."

செவிலி வெளியே வருவதற்குள் நான் படி இறங்கிவிட்டேன். நான்கு நாள் கழித்து அவள் தூக்கத்திலேயே போனாள் என்றார்கள். கடைசிவரை என்னை வெறுத்தாள். தன்னை ஒரு நாளும் வெறுக்கவில்லை.