புகை தெரியாத அடுப்பு

வெள்ளிக்கிழமை, உத்தமபாளையத்தில் பள்ளி விடுதிக்கு அம்மாவின் அழைப்பு வந்தது. "பரமன் மாமா போயிட்டாகடி" என்றார். மேகமலை பஸ்ஸில் ஏறி, வளைவுகளில் குளிர் முகத்தில் பட்டபோதுதான் எனக்கு அழுகை வந்தது.

தேயிலைத் தொழிற்சாலையில் உலைக்கு விறகு போட்டு ஓய்வு பெற்றவராக ஊரார் அவரை அறிவார்கள். என் தம்பியைக் காப்பாற்றியவராக நான் அறிவேன்.

தம்பி எட்டாம் மாதத்திலேயே பிறந்தவன். அறை எந்நேரமும் கதகதப்பாக இருக்க வேண்டும் என்று சொல்லித்தான் மருத்துவர் வீட்டுக்கு அனுப்பினார். எங்கள் மலையில் மழை வந்தால் கரண்ட் போய்விடும். அப்பா ஒரு சட்டியில் கரிக்கங்கு அள்ளிவந்து தொட்டிலருகே வைத்து, ஜன்னலை இறுக மூடினார். பிள்ளை பார்க்க வந்த மாமா, முதல் வேலையாகச் சட்டியைத் தூக்கி மழையில் வைத்தார். பிறகுதான் சொன்னார்: "கங்கு விடுற நஞ்சு கண்ணுக்குத் தெரியாது மாப்ள. பிள்ளையத் தூங்கவச்சே கொண்டுபோயிரும்."

இரண்டே நாளில் கனத்த இரும்பு டிரம்மில் ஓர் அடுப்பு செய்தார். காற்றுக்கு ஒரு துளை, அதை மூடித் திறக்க ஒரு தகடு, சுவர் வழியே கூரைக்கு மேலே போகும் குழாய். ஜன்னலையும் விரற்கடை திறந்துவைத்தார்.

"குளிருக்கு ஜன்னலைத் திறக்குற ஆளை இங்கனதான் பாக்கேன்" என்றார் அப்பா.

"தீயும் உம்மளமாதிரிதான் மாப்ள. வாயை மூடுனா செத்துப்போகும்."

எல்லாரும் தீயைப் பார்ப்பார்கள். மாமா வெளியே போய்க் குழாயின் உச்சியைப் பார்ப்பார். "புகையாப் போறதெல்லாம் எரியாத விறகு" என்பார். இரண்டு கட்டைகளைத் தட்டி, நன்றாகக் காய்ந்ததற்கு அடையாளமாகக் கணீரென்று கேட்டால்தான் உள்ளே போடுவார்.

ஒரு சாயங்காலம், விறகு நெடுநேரம் வரட்டுமென்று நான் தகட்டை முழுக்கச் சாத்திவிட்டேன். எதிர்ச்சரிவிலிருந்த தன் வீட்டிலிருந்து புகையின் நிறத்தைப் பார்த்தே அதைக் கண்டுபிடித்து, குடைகூட இல்லாமல் ஓடிவந்தார். "ஆத்தா, தீயோட கழுத்தை நெரிச்சிட்டுச் சிக்கனம்கிறியே!" மறுநாள் குழாயைக் கழற்றிக் காட்டினார். உள்ளே எரியாத புகை தார்போல அப்பியிருந்தது. அவ்வளவு தூரத்திலிருந்து எப்படித் தெரிந்தது என்று இன்றும் வியக்கிறேன்.

சுவரில் வெப்பமானி மாட்டியதும் அவர்தான். ஆனாலும் தினமும் தம்பியின் உள்ளங்காலைத் தொட்டுப் பார்ப்பார். "மீட்டர் அறையைச் சொல்லும். இதுதான் பிள்ளையச் சொல்லும்."

அவரை அடக்கம் செய்துவிட்டு வந்த மாலையில் நான் அடுப்பை மூட்டினேன். தீ நன்றாகப் பிடித்ததும், தூறலில் வெளியே நின்று அண்ணாந்து பார்த்தேன். புகை இல்லை, குழாய்க்கு மேலே காற்று மட்டும் நடுங்கியது. உள்ளே வந்து, தூங்கிக்கொண்டிருந்த தம்பியின் உள்ளங்காலைத் தொட்டேன். இப்போது ஒன்றாம் வகுப்புப் படிக்கிறான்.

"கையை எடுக்கா, குளிருது!" என்று உதைத்தான்.

தூறலில் விறைத்த என் கைக்கு அவன் கால் இதமாகச் சுட்டது.