வாயாடிக்கு ஒரு கல்

மலேசியாவில், கூலாய் ஊரில் என் மளிகைக் கடைக்கு முன்னால் உள்ள நடைபாதையில், காது கேளாத மேடை நடிகை ஒருவரைப் பாராட்டி ஒரு கல் பதிக்க எங்கள் நாடக மன்றம் முடிவெடுத்தது. வாசகம் எழுத வேறு ஆள் கிடைக்காததால் என்னைப் பிடித்தார்கள். ‘பேசாமலே பேசிய நடிகை’ என்று எழுதிவிட்டு, அதன் அழகில் நானே கண்கலங்கினேன்.

கல்லைப் பார்த்ததும் அந்த அம்மா வளையல்களை முழங்கைவரை ஏற்றிக்கொண்டார். பேசத் தொடங்குமுன் அப்படித்தான் செய்வார். இரண்டு கைகளும் சைகை மொழியில் பறந்தன. நான் விழிப்பதைப் பார்த்து, கைப்பேசியில் தட்டி என் மூக்கருகே நீட்டினார்.

“தம்பி, நான் எப்ப பேசாம இருந்தேன்? என் பேச்சுக்குப் பயந்து எங்க வீட்டுக்காரர் லைட்ட அணைச்சிடுவாரு லா! இந்தக் கல்லு வேணாம்.”

“வேற என்னக்கா போடலாம்?” என்று நானும் தட்டினேன்.

“வாயாடி.”

“அலமாக்! கல்லுல வெட்டுற வார்த்தையா இது?” என்று மன்றத் தலைவர் அலறினார். அந்த அம்மா அசையவில்லை. புதுக் கல் வந்தது: ‘வாயாடி நடிகை’.

இப்போது கடைக்கு வருபவர்களெல்லாம், “யாருண்ணே இந்த வாயாடி?” என்று கேட்கிறார்கள். அரை மணி நேரம் விளக்குகிறேன். பாதிதான் புரிகிறது அவர்களுக்கு. அந்த அம்மாவாக இருந்தால் ஒரு புருவத்தைத் தூக்கியே சொல்லி முடித்திருப்பார்.