நெப்சேனியின் களிமண் கூம்புகள்

இபுகிக்குக் கால் ஓரிடத்தில் நிற்காது. நைல் நதியின் மேற்குக் கரையில், பெரிய மனிதர்களின் கல்லறைகளுக்குக் களிமண் கூம்பு செய்பவன் அவன். கூம்பின் தட்டையான முகத்தில் கல்லறைக்காரரின் பெயரையும் பதவியையும் முத்திரையிட்டு, வாசலுக்கு மேலே வரிசையாகப் பதிப்பார்கள். காய்ந்ததா காய்ந்ததா என்று வெயிலுக்கும் நிழலுக்கும் நடப்பான். கடைசிக் கூம்பு சுவரில் ஏறும்வரை அவனுக்கு ரொட்டி தொண்டையில் இறங்காது. அதுவரை திட்டு வாங்குவது, களிமண் மிதிக்கும் நான்தான்.

தனக்கென முன்கூட்டியே கட்டும் கல்லறைக்காகத் தானியக் களஞ்சியத்து எழுத்தர், கிழவர் நெப்சேனி, அவன் உயிரை வாங்கினார். முந்நூறு கூம்புகள் காய்ந்தபோது அவருக்குப் பதவி உயர்வு வந்தது. பழைய பதவி பொறித்த கூம்புகள் வீணாயின. இரண்டாம் தடவையும் அதே கதை. மூன்றாம் தடவை பதவி மாறவில்லை. ஆனாலும் கிழவர் கைத்தடியோடு வந்து நின்றார்.

"இந்த ஒண்ணு கோணலா இருக்கு. மொத்தத்தையும் மாத்து."

இபுகி வெடித்தான். "மாத்திக்கிட்டே இருந்தா கல்லறை என்னைக்கு முடியறது? நீங்க என்னைக்கு ஐயா உள்ள போய்ப் படுக்கறது?"

தடி அவன் முதுகில் இறங்கும் என்று நான் நினைத்தேன். நெப்சேனியோ வாசலைப் பார்க்காமல் ஆற்றையே பார்த்தார்.

"அது முடியாம இருக்கத்தான்டா மாத்தச் சொல்றேன்."

இபுகி மறுநாள் முழுக்கக் குறுக்கும் நெடுக்குமாக நடந்தான். சாயங்காலம் ஓர் ஈரக் கூம்பை எடுத்து, முத்திரையை வேண்டுமென்றே தலைகீழாக அழுத்தினான்.

"இதை அவர் கண்ணுல படற மாதிரி வை," என்றான் என்னிடம். "வந்து திட்டட்டும்."