ஒரு நுள்ளுத் திருநீறு

எங்கள் ஊர் முரசுமோட்டையில் என் வேலையை யாருக்கும் விளங்கப்படுத்த முடிந்ததில்லை. "கண்டுபிடிச்சாச்சோ?" என்று கடைக்காரர் கேட்பார். இல்லை என்றால், சோதனையில் கோட்டை விட்ட பிள்ளையைப் பார்ப்பதுபோல் பார்ப்பார்.

வெளிநாட்டில் ஒரு மலைக்கு அடியிலுள்ள ஆய்வுகூடத்தில் கரும்பொருளைத் தேடுகிறோம். அண்டத்தில் அது நிறைய இருக்கிறது என்கிறார்கள். ஒளி விடாது, எதிலும் முட்டுவதும் அருமை. என்றைக்காவது ஒன்று எங்கள் கருவியில் முட்டினால் தெரியவேண்டும். சூரியனிலிருந்து வரும் நியூட்ரினோ என்ற நுண்துகள்களைத் தடுக்க வழியில்லை, அவை மலையையும் எங்களையும் துளைத்துப் போகும். மற்றதெல்லாம் சுத்தமாக இருக்கவேண்டும். தூசி, வியர்வை எல்லாமே மெல்லிய கதிர் வீசும், கருவி அதையும் பிடித்துக் குழம்பிவிடும்.

அங்கே தமிழ் கதைக்க ஒருவருமில்லை. சில நாட்களில் லிஃப்டில் 'குட் மோர்னிங்' சொன்னதோடு என் கதை முடிந்துவிடும். தனிமை பழகிவிடும் என்றார்கள். பொய்.

போன வருடம், கருவிக்கான பிளாஸ்டிக் திருகாணிகளை வேறொரு நாட்டில் வாங்கிக்கொண்டு, போகிற வழியில் வீட்டுக்கு வந்தேன். பொலித்தீன் பைக்குள் பை வைத்து ஒட்டியிருந்தார்கள். "இதை மட்டும் தொடாதேங்கோ" என்று அம்மாவிடம் சொல்லி அலுமாரியில் வைத்தேன். அந்த வீட்டில் அம்மாவும் நானும்தான்.

திரும்பிப் போய்ச் சோதித்தபோது, திரையில் கதிர் வீசும் பொட்டாசியத்துக்குரிய கோடு ஓங்கி நின்றது. குழுத்தலைவியின் முகம் இறுகியது. கொண்டுவந்தவள் நான். இனி என்னை நம்பி எதையும் தருவார்களா? பையைத் தூக்கிப் பார்த்தேன். ஒரு ஓரம் நெளிந்து கருகியிருந்தது. அம்மா கச்சான் கடலைப் பைகளை மெழுகுதிரியில் அப்படித்தான் ஒட்டுவா. உடனே வீட்டுக்கு ஃபோன் எடுத்தேன்.

"அம்மா, அந்தப் பையைத் திறந்தனீங்களோ?"

"ஓம் பிள்ளை. மேலால பூசினா சாமான்ல படாதெல்லோ. உள்ளுக்க ஒரு நுள்ளுத் திருநீறுதான் போட்டனான். நீ தனியப் போறாய் எண்டு..."

மாட்டுச்சாணம் எரித்த சாம்பலில் பொட்டாசியம் தாராளமாக உண்டு. எனக்குச் சிரிப்பு வந்தது, பிறகு உடைமாற்றும் அறையில் நின்று அழுதேன். உண்மையைச் சொன்னதும் தலைவி விழுந்து விழுந்து சிரித்தார். திருகாணிகளை அமிலத்தில் கழுவினோம். கோடு மறைந்தது. எல்லோருக்கும் சந்தோசம். எனக்கு மட்டும், தேடிவந்த வீட்டு ஆளை வாசலோடு திருப்பி அனுப்பியதுபோல் இருந்தது.

இந்த லீவில் வந்து அதையே பகிடியாகச் சொன்னேன். அம்மா சிரிக்கவில்லை.

"அப்ப என்ர கையாலயோ உன்ர வேலை கெட்டது?"

இல்லை, ஒன்றும் கெடவில்லை என்று எத்தனை விதமாகச் சொல்லியும் அவா நம்பவில்லை.

இன்று காலை ஓட்டோ வந்து நின்றது. வழக்கம்போல் குனிந்து நெற்றியை நீட்டினேன். அம்மா கைகளைச் சேலையில் துடைத்துவிட்டு முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டா.

"பூசிவிடுங்கோ அம்மா."

"வேண்டாம் பிள்ளை. கவனமாப் போட்டு வா."

பரந்தன் சந்தியில் பஸ்ஸுக்கு நின்றபோது ஒரு கடைக் கண்ணாடியில் என்னைப் பார்த்தேன். ஆய்வுகூடம் கேட்கிற அளவுக்குச் சுத்தமாக இருந்தது என் நெற்றி.