பழுதாகாத கம்ப்யூட்டர்

எங்கள் பேருந்துப் பணிமனையில் நாளைக்கு எந்த ஓட்டுநர், எந்த நடத்துநரோடு, எந்த வண்டியில் போக வேண்டும் என்று முடிவுசெய்து, அந்தப் பட்டியலை மாலை ஆறு மணிக்குள் பலகையில் ஒட்டுகிறவர் ஒரு பெண்மணி. எல்லோருக்கும் அவர் சார்ட் அக்கா. அவரைவிட மூத்த ஓட்டுநர்களும் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். எதிர் மேசையில் பயணச்சீட்டுக் கணக்குப் பார்ப்பவன் நான். அவருக்காக மேலிடத்துக்குப் போன விண்ணப்பங்கள் அனைத்தையும் எழுதி, நகல் எடுத்து வைத்திருப்பவனும் நானே. ஆகவே நடந்ததை வரிசையாகச் சொல்லும் தகுதி எனக்கு உண்டு என்று கருதுகிறேன்.

அக்கா முதலில் நடத்துநராக இருந்தார். முழங்கால் தேய்ந்தபின் அலுவலகத்துக்கு மாற்றினார்கள். இன்றைக்கும் பேனாவை, மடித்த ரூபாய் நோட்டைப் போல விரலிடுக்கில்தான் செருகிக்கொள்வார். கம்ப்யூட்டரை அவருக்கு யாரும் சொல்லித்தரவில்லை. ஒவ்வொரு பொத்தானாக அழுத்திப் பார்த்து, எது எதைக் கெடுக்கிறது என்று கண்டுபிடித்துத் தானே கற்றுக்கொண்டார்.

அவருக்குக் கிடைத்த கம்ப்யூட்டர், அவர் வருவதற்கு முன்பே கிழடாகிவிட்டிருந்தது. அதற்குள் இருக்கும் சிறிய பேட்டரி செத்துப்போனதால் காலையில் முதல் வேலையாகத் தேதியைத் திருத்த வேண்டும். ஒருநாள் மறந்துவிட்டார். பட்டியல் மிகப் பழைய தேதியோடு பலகைக்கு ஏறியது. முதல் ட்ரிப் என்று பட்டப்பெயர் பெற்ற இளம் ஓட்டுநர், எப்போதும் விடியற்காலை வண்டியையே கேட்டு வாங்குகிறவர், ஜன்னலுக்கு வந்து நின்றார்.

"அக்கா, இந்தத் தேதியில நான் பிறக்கவே இல்ல. எப்படி டூட்டி போட்டீங்க?"

"பிறந்ததும் நேரா டிப்போவுக்கு வந்துடுவேன்னு உங்கம்மா சொல்லியிருந்தாங்க" என்றார் அக்கா.

அந்த இயந்திரத்தை அவர் பராமரித்த விதத்தை நான் தினமும் பார்த்தேன். மூடியைக் கழற்றி, முகப்பவுடர் பூசும் தூரிகையால் தூசி தட்டுவார். சூடேறினால் மேசை விசிறியைத் தன்னிடமிருந்து அதன் பக்கம் திருப்பிவிட்டு, கோப்பு அட்டையால் தனக்கு விசிறிக்கொள்வார். திரை இருண்டால் கீழே குனிந்து ஒரு வயரை அசைப்பார். எந்த வயர் என்பது அவருக்கு மட்டுமே தெரியும். அவருடைய கணவர் ஒருமுறை போனில், "பேசாம நீ அந்த கம்ப்யூட்டரையே கட்டிக்கிட்டிருக்கலாம்" என்று சொன்னது எதிர் மேசை வரைக்கும் கேட்டது.

அநியாயம் எங்கே தொடங்கியது என்றால், இந்த அக்கறையில்தான்.

எங்கள் மேனேஜர் ஒர்க்‌ஷாப்பிலிருந்து உயர்ந்து வந்தவர். நாற்காலி முதல் நடத்துநர் வரை எல்லாவற்றையும் அவர் பேருந்தாகவே பார்ப்பார். பணிமனையில் ஒரு வழக்கம் உண்டு. அடிக்கடி வழியில் நிற்கும் வண்டியை மாற்றுவார்கள். நிற்காத வண்டியை இன்னும் நீண்ட தடத்துக்கு அனுப்புவார்கள். புதிய கம்ப்யூட்டர்கள் வந்தபோது மேனேஜர் அதே அளவுகோலை எடுத்தார். அக்காவுக்கு ஒன்றும் வரவில்லை, நேரில் போய்க் கேட்டார். நானும் உடன் போயிருந்தேன்.

"உங்க மிஷின் மேல ஒரு கம்ப்ளெயின்ட்கூட இல்லையேம்மா. கேஷ் செக்‌ஷன்காரங்களுது வாரத்துக்கு ஒரு தடவை நின்னுச்சு, அதனால குடுத்தோம்."

"நின்னா நானே சரி பண்ணிடுறேன் சார்."

"அப்போ ஓடுதுல்ல? ஓடுற வண்டியை எவன் கண்டம் பண்ணி ஓரங்கட்டுவான்?"

அதோடு விடவில்லை. நன்றாக ஓடும் வண்டி என்பதால் டீசல் கணக்கையும் அதிலேயே ஏற்றினார். அதன்பின் ஒரு பெயரை மாற்றி அழுத்தினால், போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வரலாம். பட்டியல் ஆறு மணியைத் தாண்ட ஆரம்பித்தது. தலைமை அலுவலகத்திலிருந்து எச்சரிக்கை வந்தது: இந்த மாதம் இன்னும் ஒரு நாள் ஆறு மணி தாண்டினால் பட்டியல் வேலை அங்கேயே எடுத்துக்கொள்ளப்படும், அக்கா தொலைந்த பொருள் கவுன்டருக்குப் போவார்.

குடைகளுக்கு நடுவே உட்காருவதில் அவருக்கு வெட்கம் ஒன்றுமில்லை. ஆனால் தலைமை அலுவலகத்தாருக்கு எங்கள் ஆட்களைத் தெரியாது. இங்கே ஓர் ஓட்டுநரும் ஒரு நடத்துநரும் மாமன் மச்சான், பேச்சுவார்த்தை இல்லை. அக்கா விடுப்பில் இருந்த ஒருநாள் இருவரையும் ஒரே வண்டியில் போட்டுவிட்டார்கள். மச்சான் விசில் கொடுக்கவில்லை, மாமன் வண்டியை எடுக்கவில்லை. இந்தப் பட்டியல் அவர் கையை விட்டுப் போனால் என்ன ஆகும் என்று அவருக்கு நன்றாகத் தெரியும். நான் மறுபடியும் விண்ணப்பம் எழுதினேன். பதில் இல்லை. பெற்றுக்கொண்டதற்கான கையெழுத்து மட்டும் என்னிடம் இருக்கிறது.

அந்த மாதக் கடைசியில் ஒரு மாலை, பட்டியல் பாதியில் இருக்கும்போது திரை உறைந்தது. ஆறு மணி நெருங்கிக்கொண்டிருந்தது. அக்கா வழக்கம்போல வயரைத் தேடிக் குனிந்தார்.

"அக்கா, கையை எடுங்க" என்று ஜன்னலிலிருந்து முதல் ட்ரிப் குரல் கொடுத்தார். "வழியில நின்ன வண்டியில டிரைவர் கை வைக்கக் கூடாது. ரூல் தெரியாதா?"

"ஆறு மணி ஆகப்போகுது. விளையாடாதே."

"நான் விளையாடல. நாங்க நின்னா எழுதி வெச்சுட்டு, கையைக் கட்டிக்கிட்டு ஓரமா நிப்போம். பிரேக்டவுன்னு பதிவாயிட்டா, லேட்டானது எங்க தலையில விழாது. நீங்க சரி பண்ணிக்கிட்டே இருந்தா, லேட்டு உங்க தலையில. நல்ல பேரு மட்டும் அந்தப் பெட்டிக்கு."

அக்கா குனிந்தபடியே கணக்குப் போட்டார். வயர் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. அசைத்தால் இன்றைய பட்டியல் ஒருவேளை நேரத்துக்கு ஏறும், நாளை மறுபடி இதே பாடு. அசைக்காவிட்டால், பிரேக்டவுன் விதி கைகொடுக்கும் என்று நம்பித்தான் இருக்க வேண்டும். பிறகு நிமிர்ந்து, ஒர்க்‌ஷாப்புக்குப் போன் செய்தார்.

"டூட்டி ரூம்ல ஒரு வண்டி நிக்குது. பிரேக்டவுன்னு எழுதிக்குங்க, நேரத்தையும் போட்டுடுங்க."

முதல் ட்ரிப் ஓடிப்போய்த் தன் பேருந்திலிருந்து, பழுதாகி நின்ற வண்டிக்கு வைக்கும் சிவப்பு முக்கோணத்தைக் கொண்டுவந்து கம்ப்யூட்டர் முன்னால் வைத்தார். ஃபோர்மேன் கிரீஸ் கையோடு வந்தார். முக்கோணத்தைப் பார்த்தவர் சிரிக்கவில்லை. மேசையை ஒரு சுற்றுச் சுற்றினார், பின்பக்கம் தொட்டுப் பார்த்தார், விரலை உடனே எடுத்துக்கொண்டார்.

"கொதிக்குது. பிரேக்டவுன் எழுதியாச்சு. இனி ரோடு டெஸ்ட் பண்ணாம விட முடியாது. அதை ஆபீசர்தான் ஓட்டிப் பாக்கணும்."

மேனேஜருக்கு ஆள் போயிற்று. விதி என்றதும் அவர் மறுக்கவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு, ஸ்டியரிங் முன் உட்காருவது போல நிமிர்ந்து உட்கார்ந்தார். இயந்திரத்தை அணைத்துப் போட்டார். திரை விழிப்பதற்குள் அவருக்கு வியர்த்துவிட்டது. ஒரு பெயரை மாற்றி அழுத்தினார். ஒன்றும் நடக்கவில்லை. மறுபடி அழுத்தினார்.

"சார், ஃபர்ஸ்ட் கியர்லயே போறீங்க."

"யாருப்பா அது ஜன்னல்ல? கூட்டம் போடாதீங்க." அவர் அக்கா பக்கம் திரும்பினார். "இது எப்பவும் இப்படித்தானாம்மா?"

"இன்னிக்கு நல்லா ஓடுது சார். நீங்க வந்திருக்கீங்கன்னு தெரிஞ்சிருக்கும்."

மேனேஜர் அதற்குமேல் ஓட்டவில்லை. எழுந்து, ஒர்க்‌ஷாப் காலத்துப் பழக்கத்தில் கையைக் கால்சட்டையில் துடைத்தார்.

"இதை வெச்சா லாங் ரூட் ஓட்டுனீங்க? முன்னாடியே சொல்ல வேணாமா?"

நான் என் கோப்பை எடுக்கக் கை நீட்டினேன். அக்கா கண்ணால் தடுத்துவிட்டார். அந்த ஒரு சந்தர்ப்பத்தை நான் இழந்ததை இங்கே பதிவு செய்கிறேன்.

அன்று பட்டியல் மேனேஜர் அறைக் கம்ப்யூட்டரில் முடிந்தது. ஆறு மணி எப்போதோ தாண்டியிருந்தது. தலைமை அலுவலகம் போனில் கேட்டபோது மேனேஜரே பதில் சொன்னார்: "பதிவான பிரேக்டவுன் சார். ஸ்டாஃப் மேல சேராது. ரூல் உங்களுதுதான்." எச்சரிக்கை அதோடு அடங்கியது. அவர் தன் கம்ப்யூட்டரைக் கழற்றி அக்கா மேசைக்கு அனுப்பிவிட்டுத் தனக்குப் புதிது கேட்டு எழுதினார். இன்னும் வரவில்லை. பட்டியல் வேலை எங்கள் பணிமனையிலேயே இருக்கிறது, மாமனும் மச்சானும் வெவ்வேறு வண்டிகளில் நிம்மதியாகப் போகிறார்கள்.

அக்கா இப்போது எந்த மூடியையும் கழற்றுவதில்லை. போன வாரம் மவுஸ் லேசாக ஒட்டிக்கொண்டது. அவர் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். ஃபோர்மேன் வேலையை விட்டுவிட்டு வந்து, அதைச் சட்டையில் ஒரு தேய் தேய்த்துக் கொடுத்தார்.

"இதுக்கெல்லாமாக்கா என்னைக் கூப்பிடுவீங்க?"

"பதிவு பண்ணிட்டுப் போங்க" என்றார் அக்கா.