சுண்டைக்காய் அளவு பெருங்காயம்

அன்று வீட்டில் இருந்தவர்கள் மூன்று பேர்: எங்கள் கல்கத்தா மெஸ்ஸில் மூத்தவரான ஹெட் கிளார்க், அவருடைய ஊர் கும்பகோணம்; திருநெல்வேலிக்காரரான டைப்பிஸ்ட்; நான். இல்லாதவர் ஒருவர்தான். ஆனால் கட்டாயம் இருந்திருக்க வேண்டியவர் அவர்தான். அவர் எங்கள் சமையல்காரர்.

வெள்ளிக்கிழமை காலையில் அவர் மாதம் எட்டணா கூட்டிக் கேட்டார். ஹெட் கிளார்க் செய்தித்தாளிலிருந்து தலையைத் தூக்காமலே "முடியாது" என்றார். சாயங்காலம் நாங்கள் ஆபீசிலிருந்து திரும்பியபோது அடுப்பு அணைந்து கிடந்தது, அவருடைய தகரப் பெட்டியைக் காணவில்லை. கார்டன் ரீச்சில் வேறு ஒரு மெஸ்ஸுக்குப் போய்விட்டாரென்று மறுநாள் தெரிந்தது. இரண்டு வேளை அவலும் வாழைப்பழமும் தின்று சமாளித்தோம். ஆனால் ஞாயிற்றுக்கிழமை பகல் சாப்பாட்டுக்கு எங்கள் ஆபீஸ் சூப்பரிண்டெண்டை அழைத்திருந்தோம்.

இந்த இடத்தில் என் நிலைமையைச் சொல்லிவிட வேண்டும். அந்த ஆபீசில் எட்டு மாதமாக நான் ஆக்டிங் குமாஸ்தா. காலியாக இருந்த ஒரு நிரந்தர இடத்துக்கு யார் பேரை எழுதுவது என்பது சூப்பரிண்டெண்ட் கையில் இருந்தது. அறுபது பேர் உட்கார்ந்து எழுதும் கூடத்தில், கோட்டும் தலைப்பாகையுமாகக் கடைசி வரிசையில் இருந்த என் முகம் அவருக்குத் தெரியாது. அவருக்கு அடுத்த இலையில் உட்கார்ந்து சாப்பிட்டால் இரண்டு வார்த்தை பேசலாம், பேரைச் சொல்லலாம். விருந்துக்கு அழைக்கலாம் என்ற யோசனையை மெல்ல ஹெட் கிளார்க் காதில் போட்டவனே நான்தான். அன்று உடுத்துவதற்கென்று ஒரு வேஷ்டியை வண்ணானிடம் கொடுத்து வெளுத்து வாங்கி மடித்து வைத்திருந்தேன்.

சனிக்கிழமை ராத்திரி ஹெட் கிளார்க் என்னைப் பார்த்துச் சொன்னார்: "சாதத்தையும் ரசத்தையும் நான் பாத்துக்கறேன். உருளைக்கிழங்குக் கறி மட்டும் நீ பண்ணிடு. சூப்பரிண்டெண்டுக்கு அதுன்னா உயிர். ஊரிலே அவா ஆத்துக்குள்ளே அந்தக் கிழங்கையே விட மாட்டாளாம். கல்கத்தாவுக்கு வந்துதான் ருசி கண்டிருக்கார்."

"எனக்குச் சமைக்கத் தெரியாதே, அண்ணா."

"உனக்கா தெரியாது? பரம்பரைக் கையடா அது!"

டைப்பிஸ்ட் பாயில் படுத்தபடியே, "ஓய், வக்கீல் பிள்ளை சட்டம் படிக்காமலே வாதாடுவான்னு சொல்றாப்லேன்னா இருக்கு!" என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

என் அப்பா கல்யாணச் சமையல்காரர். கையெழுத்துப் போடத் தெரியாது. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூட வாசலை மிதித்த முதல் ஆள் நான். ஊர் ஊராகப் போய் அண்டாக்களுக்கு நடுவில் நின்று அவர் சம்பாதித்த பணத்தில்தான் காலேஜில் எஃப்.ஏ. வரை தேறினேன். நான் அடுப்புப் பக்கம் தலைகாட்டினால் கரண்டிக் காம்பு முதுகில் விழும். "போடா, போய்ப் புஸ்தகத்தை எடு" என்பார். ஆகவே நாற்பது வருஷச் சமையல்காரரின் பிள்ளையான எனக்கு அவருடைய தொழிலில் தெரிந்தது ஒன்றே ஒன்று. ஒரு கல்யாண வீட்டில் கதவிடுக்கு வழியாகப் பார்த்தது: எண்ணெய் காய்ந்ததும் சுண்டைக்காய் அளவு பெருங்காயத்தைக் கிள்ளிப் போட்டார், அது பொரிந்து உப்பியது, கொல்லை வரையில் மணந்தது.

எல்லாவற்றுக்கும் மேல் விருந்தாளியிடமிருந்து ஒரு நிபந்தனையும் வந்திருந்தது. கல்கத்தாக் கடைப்பொடிகளைத் தின்று அவருக்கு வயிறு கெட்டுவிட்டதாம். மிளகாய்ப்பொடியில் செங்கல் தூள், மஞ்சள்பொடியில் மாவு என்று அவர் கட்சி. கடையில் இடித்த பொடி எதுவும் கூடாது. தனியா, மிளகாய், மிளகு, மஞ்சள் எல்லாம் முழுசாக வாங்கி வீட்டிலேயே இடித்துப் போட வேண்டும்.

"அப்படியானால் எனக்கும் ஒரு நிபந்தனை," என்றேன் ஹெட் கிளார்க்கிடம். "கறியை இறக்கி வைச்சதும் நான் குளிச்சு வேஷ்டி மாத்திண்டு பந்தியிலே உக்காந்துடுவேன். பரிமாற மாட்டேன்."

"பேஷா உக்காரேன். யார் வேண்டாங்கறா?"

ஞாயிறு விடியற்காலையில் குளித்துவிட்டு மடியாக உடுத்திக்கொண்டேன். முந்தின நாளே நனைத்து, யார் கையும் படாமல் கொடியில் உலர்த்தியிருந்த ஒற்றை வேஷ்டி. மேலே ஒன்றும் இல்லை. தை மாதக் குளிர். பாலிகஞ்ச் ஸ்டேஷன் பக்கத்திலிருந்து வந்த புகையும் பனியும் முற்றத்தில் தேங்கி நின்றன. புதுக் கிழங்கு நெல்லிக்காய் அளவில் பொடிப்பொடியாக வந்திருந்த காலம். இரண்டு சேர் கிழங்கை மண்போகக் கழுவி, சாக்குத் துண்டில் தேய்த்துத் தோலெடுத்தேன். கை விறைத்துப் போயிற்று.

இடிப்பதற்கு மாடியில் இருந்த வீட்டுக்கார அம்மாளிடம் அம்மிக்கல் கேட்கலாமென்றேன். அந்த அம்மாளை நாங்கள் வங்காள வழக்கப்படி மாஷிமா என்று கூப்பிடுவோம், சித்தி மாதிரி.

"மீனுக்குக் கடுகு அரைச்ச கல்லுடா அது!" என்று ஹெட் கிளார்க் பதறினார்.

ஆகவே வெற்றிலை இடிக்கும் சின்ன இரும்பு உரல்தான் கிடைத்தது. தனியாவும் மிளகும் எப்படியோ மசிந்தன. வற்றல் மிளகாய் தூள் பறந்து கண்ணில் அப்பியது. மஞ்சள் கிழங்கு இருக்கிறதே, அதைப் போல ஒரு பிடிவாதத்தை நான் எந்த மேலதிகாரியிடமும் கண்டதில்லை. உலக்கை விழுந்ததும் துள்ளி வெளியே ஓடும். எடுத்துப் போட்டு இடித்தால் மறுபடி ஓடும். மூன்றாம் தடவை டைப்பிஸ்டின் காலடியில் போய் நின்றது.

"உம்மைவிட அதுக்கு ரோஷம் ஜாஸ்தி, ஓய்," என்றார் அவர். "அது அடுப்பங்கரையிலே நிக்க மாட்டேங்குது பாரும்."

மஞ்சளை எடுத்து மறுபடி உரலில் போட்டேன். உள்ளங்கையில் கொப்புளம் கிளம்பியிருந்தது. பேனா பிடிக்கிற கை.

பெருங்காயம் மட்டும் சுலபமாகக் கிடைத்தது. முந்தின நாள் காபூல் மலைதேசத்துச் சரக்கைத் தெருவில் விற்று வந்த காபூலிக்காரனிடம் டைப்பிஸ்ட் நாலணா கொடுத்து ஒரு கட்டி வாங்கியிருந்தார். தோல் துண்டில் சுற்றியிருந்த, மெழுகு போன்ற பழுப்புப் பிசின். "கலப்பே கிடையாதாம். சத்தியம் பண்ணிக் குடுத்திருக்கான்," என்றார். எனக்கு அதில் பெருமைகூட உண்டாயிற்று. விருந்தாளி கேட்டது கலப்பில்லாத சரக்கு. இதோ, மலையிலிருந்து வந்தபடியே இருக்கிறது!

சமையல்காரர் விட்டுப்போன நல்லெண்ணெய் ஜாடியில் இரண்டு விரற்கடைதான் மிச்சம். எல்லாவற்றையும் வாணலியில் ஊற்றினேன். காய்ந்ததும், அப்பா செய்தது போலவே, சுண்டைக்காய் அளவு கிள்ளிப் போட்டேன்.

அது உப்பவில்லை. நுரைத்தது. கரைந்தது. அதன்பின் கிளம்பியதை வாசனை என்று எழுத எனக்கு மனம் வரவில்லை. அழுகின வெங்காயக் கிடங்கில் தீப்பிடித்தது போல ஒரு நெடி அடுப்பங்கரையை அடைத்து, முற்றத்தில் இறங்கி, மாடிப்படி ஏறியது. அதற்குள் நான் வேக வைத்த கிழங்கையும் பொடியையும் கொட்டிப் புரட்டிவிட்டேன். கிழங்கு சேர்ந்தால் அடங்கிவிடும் என்று நினைத்தேன். ஒரு துண்டை வாயில் போட்டேன். வேப்பங்கொட்டைக் கசப்பு.

மாடியில் கதவுகள் திறக்கும் சத்தம் கேட்டது. மாஷிமா முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு பாதிப் படி வரை இறங்கி வந்தாள். எங்கள் அடுப்பங்கரைக்குள் வரக்கூடாதென்று அவளுக்குத் தெரியும்.

"ஓ மா! என்னத்தைக் கொளுத்தறே, பாபா?" என்று அவளுக்குத் தெரிந்த அரைகுறை ஹிந்தியில் கேட்டாள். நான் மிச்சக் கட்டியைக் காட்டி, எவ்வளவு போட்டேன் என்று விரலால் காட்டினேன். அவள் நெற்றியில் அடித்துக்கொண்டாள்.

"காபூலி ஹிங்கா? அதுவா? கடுகளவு போட்டால் ஒரு கல்யாணத்துக்குக் காணும்! உங்க தேசத்திலே என்ன, அதைச் சோறாவா தின்கிறீங்க?"

எங்கள் ஊர்க் கடையில் பெருங்காயம் என்று விற்றதெல்லாம் கோந்தும் மாவும் சேர்த்து உருட்டிய கட்டி என்பது அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது. அப்பாவின் அளவு அந்தக் கட்டிக்கு ஏற்பட்ட அளவு. எனக்குத் தெரிந்த ஒரே ஒரு விஷயமும் இந்த ஊரில் செல்லாது.

அப்போது மணி பத்தரை. பதினொன்றரைக்கு விருந்தாளி. ஹெட் கிளார்க் ரசத்தை விட்டுவிட்டு வந்து வாணலியைப் பார்த்தார்.

"எஃப்.ஏ. வரைக்கும் படிச்சு என்னடா பிரயோஜனம்?"

"இதை அங்கே சொல்லிக் குடுக்கல்லே, அண்ணா."

டைப்பிஸ்ட் மூன்றணாவை எடுத்துக்கொண்டு மறுபடி கிழங்குக்கு ஓடினார். கெட்டுப்போனதைத் தெருமுனைப் பசுவுக்குக் கொட்டினார். "மோந்து பாத்துட்டு என்னையும் ஒரு பார்வை பாத்துது, ஓய். அப்படியே போயிட்டுது," என்று திரும்பி வந்து சொன்னார். நான் மறுபடியும் உரலோடு உட்கார்ந்தேன். கொப்புளம் உடைந்தது. நல்லெண்ணெய் தீர்ந்துவிட்டதால் நெய் விட்டேன். கடுகு, உளுத்தம்பருப்பு தாளித்துக் கிழங்கைப் போட்டு, புதிதாக இடித்த பொடியைத் தூவி, அடி பிடிக்கட்டும் என்று விட்டுவிட்டு, ஓரம் முறுகினதும் புரட்டினேன். பெருங்காயத்தை நான் தொடவே இல்லை. மூன்று தடவை சாம்பல் போட்டுத் தேய்த்தும் வாணலியில் ஒட்டிக்கொண்டிருந்ததே போதுமாக இருந்தது. இம்முறை கிளம்பிய மணம் எனக்கே பசியைக் கிளப்பியது.

அதற்குள் வாசலில் வண்டி வந்து நின்றுவிட்டது. குளிக்க நேரமில்லை. வெளுத்த வேஷ்டி பெட்டியிலேயே இருந்தது. மூன்று இலை போட்டார்கள். எனக்கென்று வைத்திருந்த நான்காவது இலையைச் சுடச்சுட இருந்த கறியின் மேல் மூட எடுத்துக்கொண்டாயிற்று. ஹெட் கிளார்க் பந்தியில் உட்கார்ந்தபடி என்னைப் பார்த்துக் கண்ணால் கெஞ்சினார். பந்தியில் உட்காராமல் மடியாக மிச்சம் இருந்தவன் நான் ஒருவன்தான். நான்தான் பரிமாற வேண்டும். கரண்டியை எடுத்தேன்.

சூப்பரிண்டெண்ட் முதலில் கறியைத்தான் தொட்டார். கண்ணை மூடிக்கொண்டார்.

"யாருங்காணும் இது, புது ஆளா? கையிலே பதம் இருக்கே!"

"கறி அவன் பண்ணினதுதான், சார்," என்றார் ஹெட் கிளார்க். மிச்சத்தையும் சொல்வார் என்று காத்திருந்தேன். அவர் ரசத்தைப் பிசையத் தொடங்கிவிட்டார். எட்டணாவுக்குச் சமையல்காரரை ஓட்டிய கதை வெளியே வந்துவிடுமென்ற பயம்.

"இன்னும் கொஞ்சம் போடு. அப்படி ஓரமா முறுகினதாப் பாத்துப் போடு," என்றார் சூப்பரிண்டெண்ட் என்னிடம். போட்டேன். "உனக்கு மாசம் என்ன தரா?"

"இருபத்தஞ்சு ரூபாய், சார்."

கையில் எடுத்த கவளம் அப்படியே நின்றது. "சமையலுக்கா இருபத்தஞ்சு!"

"இல்லை சார். உங்க ஆபீசிலே. எட்டு மாசமா ஆக்டிங்கிலே இருக்கேன்."

டைப்பிஸ்டுக்குப் புரை ஏறிவிட்டது. சூப்பரிண்டெண்ட் என் குடுமியையும் வெற்று மார்பையும் கரண்டியையும் மேலும் கீழுமாகப் பார்த்துவிட்டுச் சிரித்தார். கெட்ட சிரிப்பு அல்ல. "அட, கிளார்க்கா நீ! கோட்டு இல்லாம யாருக்குத் தெரியறது! சரி, அடுத்த மாசம் எங்காத்துக் குழந்தைக்கு ஆண்டு நிறைவு. இருபது பேர் வருவா. வந்து இந்தக் கறியை மட்டும் பண்ணிக் குடுத்துடு. ஆக்டிங் விஷயத்தை அப்புறம் பேசிப்போம்."

"மோர் போடட்டுமா, சார்?" என்று கேட்டேன்.

அவர் போனதும் ஹெட் கிளார்க் என் முதுகில் தட்டினார். "அதிர்ஷ்டக்காரண்டா நீ! ஒரு கறிக்கு வேலை காயமாயிடும், நிரந்தரந்தான்."

"கறிக்குக் காயமாகிற வேலை கறி உள்ள மட்டுந்தான் இருக்கும், அண்ணா. நான் இனிமே அந்த அடுப்பைத் தொட மாட்டேன். சமையல்காரர் வரல்லேன்னா மெஸ்ஸை விட்டே போயிடறேன்." குரல் இவ்வளவு உயருமென்று நானே எதிர்பார்க்கவில்லை. டைப்பிஸ்ட்கூட எழுந்து உட்கார்ந்தார்.

மறுநாள் ஆபீஸ் விட்டதும் டிராமிலும் நடையுமாகக் கார்டன் ரீச்சுக்குப் போனேன். சமையல்காரர் அங்கே திண்டாடிக்கொண்டுதான் இருந்தார். பதினாலு பேருக்கு ஒற்றை ஆளாம். ஆனால் என் உள்ளங்கையைப் பார்த்ததும் அவருக்கு விஷயம் புரிந்துவிட்டது. எட்டணா இப்போது ஒரு ரூபாயாகிவிட்டது. ஆண்டு நிறைவுக்கு எனக்குப் பதிலாகப் போய் வர வேண்டும் என்றேன். "அதுக்குத் தனியா ஒரு ரூபாய், சாமி," என்றார். தலையாட்டிவிட்டுப் பெட்டியை வண்டியில் ஏற்றினேன்.

ஆண்டு நிறைவு நாளில் கோட்டும் தலைப்பாகையுமாகப் போய், வெளுத்த வேஷ்டியில் சூப்பரிண்டெண்டுக்கு அடுத்த இலையில் உட்கார்ந்தேன். அவர் கறியைத் தொட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார். "நன்னாத்தான் இருக்கு. ஆனா அன்னிக்கு மாதிரி இல்லே," என்றார். பேரைச் சொன்னேன். கேட்டுக்கொண்டார். ஆக்டிங் விஷயத்தை அன்றைக்கும் எடுக்கவில்லை. இதை எழுதுகிற இன்று வரை எடுக்கவில்லை.

அன்று ராத்திரி மூவருமாகச் செலவைப் பங்கு பிரித்தோம். சமையல்காரருக்கு அந்த மாதம் கூட்டியது ஒரு ரூபாய், ஆண்டு நிறைவுக்கு ஒரு ரூபாய், டிராமுக்கும் வண்டிக்கும் ஆறணா, காபூலிக்கு நாலணா, இரண்டாம் தடவைக் கிழங்குக்கு மூன்றணா. எட்டணா கொடுக்க முடியாதென்று ஹெட் கிளார்க் சொன்னதற்கு ஆனது இரண்டு ரூபாய் பதின்மூன்றணா, ஆளுக்குப் பதினைந்தணா.